அளக்காதபோது எலக்ட்ரான் எங்கே இருக்கிறது? நம் மாணவர்களுக்கு எந்தப் பதிலில் தொடங்குவது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விடுமுறை நாள்களில் அறிவியல் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. துகளின் இடமும் வேகமும் ஒருசேரத் துல்லியமாக இருக்க முடியாது என்ற குவாண்டம் இயற்பியலின் நிச்சயமின்மைக் கொள்கைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலை முழுதாக ஒதுக்கியிருக்கிறோம். வரப்போகிறவர்கள் பிளஸ் டூ மாணவர்களும் இளங்கலை இயற்பியல் முதலாண்டு மாணவர்களும். பெரும்பாலும் தமிழ்வழியில் படித்தவர்கள். பென்னாகரம், அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். சூத்திரத்தை அவர்கள் பதினோராம் வகுப்பு வேதியியலிலேயே பார்த்துவிட்டார்கள். அதை வைத்துக் கணக்கும் போட்டிருப்பார்கள். வகுப்பில் அவர்கள் கேட்கப்போவது சூத்திரத்தை அல்ல. "சார், அளக்காதபோது எலக்ட்ரான் உண்மையில் எங்கேதான் இருக்கிறது?" என்றுதான் கேட்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்கிறார்.

இந்தக் கேள்விக்கு இயற்பியலாளர்களிடம் ஒரே பதில் இல்லை. கோபன்ஹேகன் விளக்கம், வழிகாட்டி அலை, பல உலகங்கள், தன்னியல்பான அலைச் சரிவு, அகவய நிகழ்தகவு என்று பல பதில்கள் இருக்கின்றன. இவற்றுள் எதை முதலில் வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. முதலில் கேட்ட சித்திரம் மனத்தில் உறைந்துவிடும். பிறகு வருபவை எல்லாம் அதற்கு அடிக்குறிப்பாகவே நிற்கும். ஆகவே இது சிறிய முடிவு அன்று. என் பரிந்துரையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: துகளை ஓர் அலை நடத்துகிறது என்னும் வழிகாட்டி அலையில் தொடங்குவோம், தொலைவில் உள்ள துகள்களின் பொருத்தம் பற்றிய பெல் தேற்றத்துக்கு அதிக நேரம் கொடுப்போம், பாடநூல் சொல்லும் கோபன்ஹேகனை அதன் பிறகு கற்பிப்போம். வழக்கமான வரிசைக்கு இது நேர் எதிர் என்பதால் காரணங்களை விரிவாகவே சொல்ல வேண்டும்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "உலகம் மாயை என்று குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டது", "மனம் பார்த்தால்தான் பொருள் உண்டாகிறது" என்று கல்லூரி விழா மேடைகளில் பேசுகிறார்கள். கைபேசியில் அதே பேச்சு இன்னும் உரக்கக் கேட்கிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் ஒரு பெண் இதை அறிவியல் என்று நம்பிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மாயாவாதத்தைத் தத்துவமாகப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆய்வகம் சொல்லாத ஒன்றை ஆய்வகத்தின் பெயரால் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

எல்லோரும் ஒப்புக்கொள்வது எது

விளக்கங்களை ஒப்பிடுவதற்கு முன் சர்ச்சை இல்லாத நிலத்தைக் குறித்துக்கொள்வோம். 1927இல் வெர்னர் ஹைசன்பர்க் தன் கட்டுரையை வெளியிட்டார். எலக்ட்ரானைக் காமா கதிர் நுண்ணோக்கியால் பார்ப்பதாகக் கற்பனை செய்து, பார்க்கும் ஒளியே எலக்ட்ரானைத் தள்ளிவிடும், அதனால் இடத்தைத் துல்லியமாக அறிந்தால் உந்தம் (நிறையையும் வேகத்தையும் பெருக்கிய அளவு) கலைந்துவிடும் என்று விளக்கினார். அந்தக் கற்பனைச் சோதனையில் இருந்த குறையை நீல்ஸ் போர் உடனே சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் ஏர்ல் கென்னார்டு இன்று நாம் கற்பிக்கும் வடிவத்தைக் கணித முறையில் நிறுவினார்: இடத்தின் திட்ட விலக்கத்தையும் (முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) உந்தத்தின் திட்ட விலக்கத்தையும் பெருக்கினால் கிடைப்பது, பிளாங்க் மாறிலியை 4 பை-யால் வகுத்த எண்ணுக்குக் கீழே போகாது.

இந்த இரண்டும் வேறு வேறு செய்திகள். நுண்ணோக்கி சொல்வது, அளப்பது கலைக்கும் என்பது. கென்னார்டின் சமனிலி, அதாவது அந்தக் கீழ் எல்லை, அளவீட்டால் வரும் கலைவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஒரே நிலையில் தயார் செய்த ஆயிரம் எலக்ட்ரான்களில் பாதியிடம் இடத்தை மட்டும் அளந்து பாருங்கள், மறு பாதியிடம் உந்தத்தை மட்டும் அளந்து பாருங்கள்; எந்த எலக்ட்ரானையும் இரண்டு முறை தொட வேண்டியதில்லை. அப்போதும் இரண்டு பரவல்களும் அந்த எல்லைக்குக் கட்டுப்படும். அளவீட்டுக் கலைவுக்குத் தனியே வேறொரு சமனிலி வேண்டும் என்று 2003இல் ஜப்பானிய அறிஞர் மசானாவோ ஓசாவா காட்டினார். 2012இல் வியன்னாவில் நியூட்ரான்களை வைத்துச் செய்த சோதனை, ஹைசன்பர்க்கின் நுண்ணோக்கிக் கதையை அப்படியே சமனிலியாக எழுதினால் அது மீறப்படுகிறது என்று காட்டியது. ஆகவே "அளப்பதால் கலைகிறது, அவ்வளவுதான்" என்று வகுப்பில் முடித்துவிடுவதை நாம் முதலில் நிறுத்த வேண்டும்.

இது எவ்வளவு பெரிய விளைவு என்பதற்குக் கணக்கே போதும். கிருஷ்ணகிரி மண்டியிலிருந்து கால் கிலோ எடையுள்ள ஒரு பெங்களூரா மாங்காயை எடுத்துக்கொள்வோம். அதன் இடத்தை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குத் துல்லியத்துக்கு அறிந்திருக்கிறோம் என்று கொண்டால், அதன் வேகத்தில் இருந்தே தீர வேண்டிய நிச்சயமின்மை நொடிக்கு இரண்டு மீட்டரைப் பத்தின் 28ஆம் அடுக்கால் வகுத்த அளவு. பிரபஞ்சத்தின் வயது முழுவதும், அதாவது 1380 கோடி ஆண்டுகள், அந்த வேகத்தில் நகர்ந்தாலும் மாங்காய் ஓர் அணுவின் அகலத்தைத்தான் கடந்திருக்கும். அதே கணக்கை அணுவுக்குள் அடைபட்ட எலக்ட்ரானுக்குப் போட்டால் நொடிக்கு 580 கிலோமீட்டர் வருகிறது. மாணவர்களைக் கையால் போட வைத்தால் இந்த இரண்டு எண்களும் மறக்கா.

நிச்சயமின்மை வெறும் கருவிக் குறை அன்று என்பதற்கு இயற்கையிலேயே சான்றுகள் உண்டு. ஹீலியம் சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்ந்தாலும் உறைவதில்லை. குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழி வெப்பநிலைக்குப் பக்கத்திலும் திரவமாகவே இருக்கிறது. திண்மமாக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும். ஓரிடத்தில் அடங்கி நிற்கச் சொன்னால் அதன் அணுக்களுக்கு உந்தம் கூடிவிடுகிறது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களும் அப்படித்தான். நெருக்கிப் பிழியப்பட்ட எலக்ட்ரான்கள், இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பௌலியின் விலக்கல் விதியோடு சேர்ந்து, பெரும் உந்தம் பெற்று ஈர்ப்பைத் தாங்குகின்றன. அந்தத் தாங்கலுக்கும் எல்லை உண்டு, சூரியனைப் போல் 1.4 மடங்கு நிறை என்ற கணக்கை 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியை முடித்துக் கப்பலேறிய பத்தொன்பது வயது சந்திரசேகர் பயணத்திலேயே தொடங்கினார். ஹீலியத்தையோ விண்மீனின் உள்ளகத்தையோ யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்வையாளர் மனத்தால்தான் எல்லாம் நடக்கிறது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டையும்தான்.

கோபன்ஹேகன்: தேர்வுக்கு உகந்தது, கேள்விக்குப் போதாதது

பாடப் புத்தகத்தின் மொழி இதுதான். துகளின் நிலையை விவரிக்கும் அலைச் சார்பு, அது எங்கே அகப்படும் என்ற நிகழ்தகவை நமக்குத் தருகிறது என்று 1926இல் மாக்ஸ் போர்ன் சொன்னார். அளவீட்டுக்கு முன் எலக்ட்ரானுக்குத் திட்டமான இடம் உண்டா என்று கேட்பதே பொருளற்றது, எந்தக் கருவியால் என்ன அளக்கிறோம் என்பதோடு சேர்த்துத்தான் பேச முடியும் என்றார் நீல்ஸ் போர். (இருவர் பெயரும் நம் மாணவர்களைக் குழப்பும், கரும்பலகையில் தனித்தனியே எழுதிப் போடுவது நல்லது.)

இதன் பலம் பெரிது. லேசர் முதல் கணினிச் சில்லு வரை எதை வடிவமைப்பதற்கும் இது போதும். ஓசூர் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போக விரும்பும் பொறியியல் மாணவருக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை என்று மனமாரச் சொல்வேன். போரின் நிலைப்பாட்டில் நேர்மையும் இருக்கிறது: தெரியாததைக் கற்பனையால் நிரப்பாமல் நிற்கும் நேர்மை.

ஆனால் "அளவீடு" என்பது எங்கே தொடங்குகிறது? கருவியும் அணுக்களால் ஆனதுதானே. ஓர் அணு சிதைந்தால் சாகும், சிதையாவிட்டால் பிழைக்கும் என்ற ஏற்பாட்டில் ஷ்ரோடிங்கர் 1935இல் ஒரு பூனையைக் கற்பனையில் பெட்டிக்குள் வைத்துக் கேட்டது இதைத்தான். உயிரோடும் செத்தும் ஒரே நேரத்தில் பூனை இருக்கிறது என்று அவர் வாதிடவில்லை; அப்படி ஒரு முடிவுக்குக் கொண்டு விடுகிற கோட்பாட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினார். கோபன்ஹேகன் விளக்கத்தில் குவாண்டம் உலகுக்கும் கருவி உலகுக்கும் நடுவே ஒரு கோடு வேண்டும், கோட்டை எங்கே போடுவது என்று மட்டும் அது சொல்வதில்லை. மேடைப் பேச்சாளர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான். கோடு எங்கே என்று தெரியாதபோது "மனத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிடுவது எளிது. கோபன்ஹேகனை முதலில் கற்பிக்காமல் இருக்க எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வழிகாட்டி அலை

1927 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த சால்வே மாநாட்டில் லூயி டி பிராலி ஒரு யோசனையை முன்வைத்தார். துகளும் உண்டு, அலையும் உண்டு. துகளுக்கு எப்போதும் ஓர் இடம் இருக்கிறது. எப்படி நகர வேண்டும் என்று அலை அதை நடத்துகிறது. மாநாட்டில் வரவேற்பு இல்லை, அவரே கைவிட்டார். 1952இல் டேவிட் போம் அதைத் தனியாகக் கண்டுபிடித்து முழுமையாக்கினார். அமெரிக்காவில் இடதுசாரிகள் வேட்டையாடப்பட்ட நாள்கள் அவை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வேலையை இழந்த போம் அப்போது பிரேசிலில் இருந்தார். பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்தியுடன் நீண்ட உரையாடல்கள் நடத்தியதால் நம்மூரில் சிலருக்கு அவர் பெயர் ஆன்மிகத்தோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. 1952 கட்டுரைகளில் அதெல்லாம் இல்லை. அவை சமன்பாடுகளால் ஆனவை.

ஒகேனக்கல்லில் பரிசலில் போனவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பரிசல் எப்போதும் ஓரிடத்தில்தான் இருக்கிறது. பாறைகளுக்கிடையே ஓடும் நீர் அதைக் கொண்டு போகிறது. எங்கோ தள்ளி ஒரு பாறை விழுந்து ஒரு வாயை அடைத்தால், அந்த வழியே போகாத பரிசலின் பாதையும் மாறும், நீரோட்டம் மாறுவதால். எலக்ட்ரான்களை இரண்டு மெல்லிய பிளவுகளை நோக்கி அனுப்பும் இரட்டைப் பிளவுச் சோதனையில், இந்த விளக்கத்தின்படி, எலக்ட்ரான் ஒரு பிளவு வழியே மட்டும் போகிறது. அலை இரண்டு வழியும் போகிறது. 1989இல் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா தொனோமுராவின் குழு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பி, புள்ளி புள்ளியாகச் சேர்ந்து வரிப்பட்டைகள் உருவாவதைப் படமெடுத்தது. புள்ளி ஏன், பட்டை ஏன் என்ற இரண்டு கேள்விக்கும் இந்த விளக்கம் நேரடியாகப் பதில் சொல்கிறது.

உவமை எங்கே உடைகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். பரிசல் தண்ணீரை அலைக்கழிக்கும். போமின் துகள் அலையை ஒன்றும் செய்வதில்லை. அதைவிட முக்கியம், இரண்டு துகள்கள் இருந்தால் அந்த அலை நம் மூன்று பரிமாண வெளியில் ஓடவே இல்லை. ஆறு பரிமாணக் கணித வெளியில் ஓடுகிறது. பத்துத் துகள்கள் என்றால் முப்பது பரிமாணம்.

இங்கே நிச்சயமின்மை என்ன ஆகிறது? துகளின் தொடக்க இடம் நமக்குத் தெரியாது. அலைச் சார்பு தரும் பரவலைவிடத் துல்லியமாக அதை அறிய எந்த வழியும் இல்லை என்று கோட்பாட்டிலிருந்தே வருகிறது. எனவே கென்னார்டின் சமனிலி அப்படியே நிற்கிறது. உலகம் தீர்மானமானது, நம் அறிவுக்கு மட்டும் வேலி உண்டு. இதைக் கேட்டதும் மாணவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். "அப்படியானால் எல்லாம் பழையபடிதானே" என்பார்கள். பழையபடி இல்லை. ஹைட்ரஜன் அணுவின் அடிநிலையில், எளிய கணக்கின்படி, எலக்ட்ரான் அசையாமல் நிற்கிறது. ஆனால் உந்தத்தை அளந்தால் சுழி வருவதில்லை. அளவீட்டில் கிடைக்கும் உந்தம் முன்பே இருந்த உந்தம் அன்று. அளக்கும் செயலில் உருவாவது. இடத்துக்கு மட்டும்தான் இந்த விளக்கம் முன்னிருப்பு தருகிறது. ஐன்ஸ்டைனுக்கே இது பிடிக்கவில்லை. மலிவான வழி என்று மாக்ஸ் போர்னுக்கு எழுதினார்.

ஆனாலும் இதில் தொடங்கச் சொல்கிறேன். 1932இல் ஜான் ஃபான் நாய்மன் இப்படி ஒரு கோட்பாடு இருக்கவே முடியாது என்று நிரூபித்ததாகக் கருதினார்கள். அந்த நிரூபணத்தில் ஓர் எடுகோள் நியாயமற்றது என்று கிரேட்டே ஹெர்மான் என்ற ஜெர்மானியப் பெண் 1935இலேயே எழுதிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. போம் முடியாது என்றதைச் செய்து காட்டினார்; ஜான் பெல் 1966இல் வெளியான கட்டுரையில் பிழையை எல்லோருக்கும் விளங்கும்படி சுட்டினார். பெரிய பெயர் சொன்னதாலேயே ஒன்று முடிந்த பேச்சு ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல வரலாற்றை நம் மாணவர்களுக்கு நான் தர முடியாது. "பார்த்தால்தான் பொருள்" என்பது குவாண்டம் இயற்பியலின் கட்டாய முடிவு இல்லை என்பதற்குப் போமின் கோட்பாடு உயிருள்ள எதிர்ச்சான்று. எல்லாச் சோதனை முடிவுகளையும் தந்துவிட்டு, பார்வையாளருக்குத் தனி இடம் எதுவும் கொடுக்காமல் நிற்கிறது. இதைப் பாடநூல்கள் ஏன் ஒதுக்குகின்றன என்று பெல் 1982இல் கேட்டார். ஒரே வழியாக இல்லாவிட்டாலும், மெத்தனத்துக்கு மாற்று மருந்தாகவாவது கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நான் சொல்வது அதைத்தான்.

பெல்: இதற்குத்தான் ஒரு மணி நேரம்

போமின் கோட்பாட்டில் இன்னொரு பெரிய விலை இருக்கிறது. இங்கே ஒரு துகளுக்கு நடப்பது, எவ்வளவு தொலைவில் இருக்கும் இணைத் துகளின் நகர்வையும் அதே கணத்தில் மாற்றுகிறது. இது போமின் குறையா, இயற்கையின் குணமா என்று பெல் யோசித்தார். 1964இல் வந்த பதில் இருபதாம் நூற்றாண்டின் மிக ஆழமான முடிவுகளில் ஒன்று. நல்ல வேளையாக, அதைப் பத்தாம் வகுப்புக் கணக்கோடு கற்பிக்கலாம்.

ஒரு மாணவியைத் தருமபுரியிலும் ஒரு மாணவனைக் கிருஷ்ணகிரியிலும் உட்கார வைப்போம். முன்கூட்டியே எப்படி வேண்டுமானாலும் பேசி வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்கிய பின் தொடர்பு கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஊரிலும் தனித்தனியே ஒரு நாணயம் சுண்டப்படும். தன் ஊர் நாணயத்தை மட்டும் பார்த்து, ஒவ்வொருவரும் "ஆம்" அல்லது "இல்லை" என்று சொல்ல வேண்டும். இரண்டு நாணயமும் தலை விழுந்தால் பதில்கள் மாறுபட வேண்டும். மற்ற மூன்று சேர்க்கைகளிலும் பதில்கள் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் வெற்றி.

எவ்வளவு கெட்டிக்காரத் திட்டமாக இருந்தாலும் நான்கில் மூன்றுக்கு மேல் வெல்ல முடியாது. தருமபுரிப் பூவும் கிருஷ்ணகிரிப் பூவும் ஒத்துப்போக வேண்டும்; தருமபுரிப் பூவும் கிருஷ்ணகிரித் தலையும் ஒத்துப்போக வேண்டும்; தருமபுரித் தலையும் கிருஷ்ணகிரிப் பூவும் ஒத்துப்போக வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் இரண்டு தலைக்கும் ஒரே பதில்தான் வரும். ஆனால் நான்காவது விதி அங்கே மாறுபடச் சொல்கிறது. ஆகவே 75 விழுக்காடுதான் உச்சம். பதில்கள் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன, ஒருவர் நாணயம் மற்றவரைத் தொடாது என்ற இரண்டு அனுமானங்களைத் தவிர இதில் வேறு ஒன்றும் இல்லை.

இருவர் கையிலும் பின்னிப் பிணைந்த, அதாவது ஒரே அலைச் சார்பைப் பகிரும், துகள்களில் ஒவ்வொன்று இருந்து, நாணயத்துக்கேற்ற திசையில் அதை அளந்து பதில் சொன்னால் 85 விழுக்காடு வரை வெல்லலாம் என்கிறது குவாண்டம் கணக்கு. 1972இல் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனும் ஜான் கிளாசரும், 1980களின் தொடக்கத்தில் பாரிஸுக்கு அருகே அலன் ஆஸ்பே குழுவும் செய்த சோதனைகள் குவாண்டம் பக்கமே நின்றன. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், ஒளிகூடச் செய்தி கொண்டுபோக நேரமில்லாதபடி செய்து பார்த்தார்கள். இதே கணக்கை வேறு அளவுகோலில் எழுதினால் பழைய உலகின் உச்சம் 2; குவாண்டம் உச்சம் 2.83, அங்கே கிடைத்தது 2.42. கிளாசர், ஆஸ்பே, ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதை வைத்துச் செய்தி அனுப்ப முடியாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தருமபுரி மாணவியின் பதில்களை மட்டும் பார்த்தால் பாதி ஆம், பாதி இல்லை. கிருஷ்ணகிரியில் என்ன நடந்தது என்று அதில் ஒரு தடயமும் இருக்காது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால்தான் பொருத்தம் தெரியும்.

உலகின் இயல்பைப் பற்றிச் சோதனை உறுதியாகச் சொல்லும் செய்தி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பொருள்கள் தத்தம் இடத்தில் தத்தம் பண்புகளை முழுதாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதோடு மட்டும் உறவாடுகின்றன என்ற சித்திரம் போய்விட்டது. அதற்குப் பதிலாக எதை வைப்பது என்பதில்தான் விளக்கங்கள் பிரிகின்றன. வழிகாட்டி அலை தொலைவுத் தொடர்பை வெளிப்படையாக ஏற்கிறது. அதனால் ஐன்ஸ்டைனின் சார்பியலோடு அதைப் பொருத்துவது கடினமாகிறது. கோபன்ஹேகன், முன்பே எழுதிய பதில்கள் என்ற பேச்சையே மறுக்கிறது. பல உலகங்கள், ஒரு சுற்றுக்கு ஒரே பதில்தான் வந்தது என்பதையே மறுக்கிறது. வழிகாட்டி அலையை முன்பே கற்ற மாணவருக்கு, இந்த விலைப்பட்டியலைக் கேட்டவுடன் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று புரியும். கோபன்ஹேகனில் தொடங்கியவருக்கு பெல் தேற்றம் பெரும்பாலும் ஒரு விசித்திரச் செய்தியாகவே போய்விடுகிறது.

மற்ற மூன்றும்

ஹ்யூ எவரெட் 1957இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டத்துக்கு எழுதியதிலிருந்து பல உலகங்கள் விளக்கம் வளர்ந்தது. அலைச் சார்பு எப்படி மாறுகிறது என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு போதும், அளக்கும்போது அலை ஓரிடத்தில் சுருங்குவது (சரிவு) என்பதே இல்லை, எல்லா விளைவுகளும் தனித்தனிக் கிளைகளாக நடக்கின்றன. கணிதத்தில் இதைவிட எளிமையானது இல்லை. கருவியைச் சுற்றியுள்ள காற்றும் ஒளியும் கிளைகளை எப்படிப் பிரித்துவிடுகின்றன என்று 1970 முதல் நடந்த ஆய்வுகள் இதற்கு வலுச் சேர்த்தன. எல்லாமே நடக்கிறது என்றால் 85 விழுக்காடு என்பதற்கு என்ன பொருள்? இந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் எனக்கு இன்னும் நிறைவளிக்கவில்லை. முதுகலைக்குப் போகும் மாணவர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். பதினேழு வயதில் முதல் அறிமுகமாக வேண்டாம். வேறோர் உலகில் தான் மருத்துவம் படித்துக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

தன்னியல்பான சரிவு எனக்குப் பிடித்த இரண்டாவது விளக்கம். 1986இல் கிரார்டி, ரிமினி, வெபர் என்ற மூவர் முன்வைத்தது. ஒவ்வொரு துகளின் அலையும் எப்போதாவது தானாகவே ஓரிடத்தில் சுருங்குகிறது, சுமார் முப்பது கோடி ஆண்டுகளுக்கு ஒரு முறை. ஒற்றைத் துகளில் அதை யாரும் கவனிக்க முடியாது. ஆனால் நம் கால் கிலோ மாங்காயில் பத்தின் 26ஆம் அடுக்குக்கும் மேல் புரோட்டான், நியூட்ரான்கள் உள்ளன. அங்கே நொடிக்குச் சுமார் 1500 கோடிச் சரிவுகள். ஆகவே மாங்காய் ஒருபோதும் இரண்டு இடத்தில் இருக்காது. யாரும் பார்க்க வேண்டியதில்லை. இந்த விளக்கத்தில் தற்செயல் என்பது இயற்கையிலேயே உள்ளது, நம் அறியாமை அன்று.

இது தவறாகலாம் என்பதுதான் இதன் அழகு. மற்ற விளக்கங்கள் ஒரே எண்களைத் தருகின்றன. இது சற்றே வேறான எண்களைத் தருகிறது. சரிவுக்கு ஈர்ப்பு காரணம் என்ற டியோசி, பென்ரோஸ் யோசனையின் மிக எளிய வடிவத்தை இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் உள்ள ஆய்வகத்தில் செய்த சோதனை 2020இல் விலக்கியது. தத்துவக் கேள்வி ஒன்றைப் பாறைக்கடியில் ஒரு கருவியை வைத்துத் தீர்க்க முயல்கிறார்கள் என்று மாணவர்களிடம் சொல்ல நான் எப்போதும் ஆவலோடு இருக்கிறேன்.

அகவய நிகழ்தகவு விளக்கம், அலைச் சார்பு என்பது அளப்பவர் வைக்கும் எதிர்பார்ப்பு மட்டுமே என்கிறது. கிறிஸ்டோபர் ஃபுக்ஸ் போன்றோர் இந்த நூற்றாண்டில் வளர்த்தது. உலகமே நம் எண்ணம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் நம் வகுப்பில் அப்படித்தான் கேட்கப்படும். பெயரை மட்டும் சொல்லிக் கடப்போம்.

எதிர்ப்பும் ஏற்பாடும்

கிருஷ்ணகிரியிலிருந்து வரும் சக ஆசிரியை ஒருவர் கடுமையாக எதிர்க்கிறார். போம் தேர்வில் இல்லை, மாணவர் குழம்பி "எலக்ட்ரானுக்குப் பாதை உண்டு" என்று விடைத்தாளில் எழுதிவிட்டால் மதிப்பெண் போகும், அந்த மதிப்பெண்ணில்தான் அவர்களுடைய கல்லூரி இடம் இருக்கிறது என்கிறார். நியாயமான அச்சம். நம் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண்ணும் சிறியது அன்று. அதனால் கடைசி நாற்பது நிமிடத்தைத் தேர்வு மொழிக்கு ஒதுக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன்: சமனிலி, அதன் கணக்குகள், பாடநூல் எதிர்பார்க்கும் சொற்றொடர். "இது கோபன்ஹேகன் விளக்கத்தின்படி" என்று பலகையின் மேலே எழுதிவிட்டுத் தொடங்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. எந்த மொழியில் பேசுகிறோம் என்று தெரிந்து பேசும் மாணவர் குழம்ப மாட்டார்.

முற்பகல் இப்படிப் போகலாம். மாங்காய்க் கணக்கும் எலக்ட்ரான் கணக்கும் முதல் அரை மணி. ஹீலியத்துக்கும் சந்திரசேகருக்கும் கால் மணி. இரட்டைப் பிளவும் வழிகாட்டி அலையும் அரை மணி. பிறகு நாணய ஆட்டத்தை இரண்டு அறைகளில் வைத்து உண்மையாகவே ஆட விட வேண்டும். 75ஐத் தாண்ட முடியவில்லை என்று அவர்களே களைத்துப்போன பின் டெல்ஃப்ட் முடிவைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் குறையாமல் வேண்டும். மற்ற மூன்று விளக்கங்களுக்கும் சேர்த்து இருபது நிமிடம் போதும்.

பள்ளி விழாவில் பதினைந்து நிமிடம் மட்டும் பேச அழைத்தால் விளக்கங்கள் எதையும் தொடாமல் மாங்காய்க் கணக்கையும் நாணய ஆட்டத்தையும் மட்டும் செய்யலாம். தொடர்ந்து படிக்க விரும்பும் மாணவருக்கு வேறு அறிவுரை. ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தில் கணினிப் பிரிவின் மையம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறது. தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில். இரண்டும் நம் மாவட்டங்களிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய தொலைவு. அங்கே போக வேண்டுமென்றால் விளக்கங்களைப் பற்றிய காணொளிகளை ஒத்திவைத்துவிட்டுச் சிக்கலெண்களையும் அணிகளையும் முதலில் கையில் பிடிக்க வேண்டும். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் முதல் இரண்டு பாடங்களிலேயே அவை இருக்கின்றன.